கரியும் போரும்: பிரித்தானியச் சரக்கு இயந்திரங்களின் வரலாறு

புகையிரதத்தின் வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டது பெரும்பாலும் பயணிகள் வண்டியின் வரலாறுதான். 1829 இல் போட்டியில் வென்ற 'றொக்கற்', லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையில் ஓடிய 'பிளையிங் ஸ்கொற்ஸ்மன்', 1938 இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட 'மலாட்' ஆகியவற்றின் படங்கள் முத்திரைகளிலும் பிஸ்கற் ரின்களிலும் இடம்பிடித்துவிட்டன. ஆனால் பிரித்தானியாவில் முதலில் தண்டவாளம் போட்டவர்கள் மனிதர்களை ஏற்ற நினைத்துப் போடவில்லை. கரியை ஏற்றுவதற்காகப் போட்டார்கள். மனிதர்கள் பிறகுதான் ஏறிக்கொண்டார்கள்.

உணவகத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இது விளங்காத விசயமல்ல. மேசையில் இருப்பவருக்குத் தட்டைக் கொண்டுவந்து வைப்பவர்தான் தெரிவார். மாவும் எண்ணெயும் எத்தனை மூட்டை, எத்தனை பரல், எந்தப் பின்கதவால் வந்தன என்று யாரும் கேட்பதில்லை. சரக்கு இயந்திரங்களும் அப்படித்தான் பின்கதவால் வந்து போயின. அவற்றின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. அவற்றை வளர்த்தவை இரண்டு: கரியும் போரும். அவற்றைக் குறுக்கிப் பிடித்தது ஒன்று: பின்னால் கொழுவப்பட்ட பெட்டி. இந்த மூன்றையும் வைத்தே இக்கட்டுரையில் அந்த வரலாற்றைப் பார்க்க முயல்கிறேன்.

குதிரைத் தீனியும் நெப்போலியனும்

முதல் ஓட்டமே சரக்கு ஓட்டம்தான். தெற்கு வேல்ஸில் மேர்தர் என்னும் ஊரில் பெனிடரன் இரும்பாலை இருந்தது. அதன் முதலாளி சாமுவேல் ஹொம்பிரே, பத்துத் தொன் இரும்பை நீராவி இயந்திரம் இழுக்கும் என்று இன்னொரு இரும்பாலை முதலாளியோடு 500 கினி பந்தயம் கட்டினார். இயந்திரத்தைச் செய்தவர் கோர்ண்வோல்காரரான றிச்சர்ட் ட்ரெவிதிக். 1804 பெப்ரவரி 21 ஆம் நாள் அது ஐந்து பெட்டிகளில் பத்துத் தொன் இரும்பையும், மேலே தொற்றிக்கொண்ட எழுபது பேரையும் இழுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்பதரை மைல் தூரத்தை நான்கு மணி ஐந்து நிமிடத்தில் கடந்தது. ஆனால் இயந்திரத்தின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் வெடித்தன. ஆலைக்காரர் திரும்பவும் குதிரைக்கே போனார்கள். ட்ரெவிதிக் 1833 இல் கையில் காசில்லாமல் இறந்தார். கூட வேலை செய்த தொழிலாளர்கள் காசு சேர்த்து அவரை அடக்கம் செய்தார்கள். புதைத்த இடத்துக்கு அடையாளக் கல்கூட வைக்கப்படவில்லை.

கைவிடப்பட்ட அந்த யோசனையைத் திரும்ப எடுக்க வைத்தது விஞ்ஞான ஆர்வம் அல்ல. நெப்போலியனோடு நடந்த போர். போர்க்களத்துக்குக் குதிரைகள் போயின, தீனியின் விலை ஏறியது. சுரங்க முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். சுரங்க வாசலில் கரி மலிவு, புல்லும் ஓட்ஸும் விலை. 1812 இல் லீட்ஸ் நகரில் மிடில்ரன் சுரங்கத்துக்காக மத்தியு மறே ஓர் இயந்திரத்தைச் செய்தார். தண்டவாளம் வெடிக்காதிருக்க இயந்திரம் பாரம் குறைவாக இருக்கவேண்டும், பாரம் குறைந்தால் சில்லு வழுக்கும். இந்தச் சிக்கலுக்குச் சுரங்க மேற்பார்வையாளர் ஜோன் பிளென்கின்சொப் கண்ட வழி, தண்டவாளத்தின் ஓரத்தில் பற்கள் வைத்து, பற்சில்லால் பிடித்து ஏறுவது. அந்த இயந்திரத்துக்கு 'சலமன்கா' என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு ஸ்பெயினில் வெலிங்ரன் வென்ற போர்க்களத்தின் பெயர் அது. 1818 இல் அதன் கொதிகலன் வெடித்துச் சாரதி இறந்தார்.

பற்சில்லு தேவையில்லை, இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தை வெறும் பாரத்தாலேயே பிடிக்கும் என்று காட்டியவர் வில்லியம் ஹெட்லி. நியூகாசிலுக்குப் பக்கத்தில் வைலம் சுரங்கத்தில் அவர் செய்த 'பபிங் பில்லி' 1862 வரை கரி இழுத்தது. இன்று லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உலகில் எஞ்சியிருக்கும் ஆகப் பழைய புகையிரத இயந்திரம் அதுவே. அதே வைலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதினெட்டு வயதுவரை எழுத்து வாசனை இல்லாமல் இருந்த ஜோர்ஜ் ஸ்ரீவன்சன் 1814 இல் கிலிங்வேர்த் சுரங்கத்துக்குத் தன் முதல் இயந்திரத்தைச் செய்தார். அதற்கும் ஒரு தளபதியின் பெயர்தான்: 'புளூக்கர்', பிரஷ்யப் படைத் தலைவன். பிறந்த நேரத்தின் அடையாளம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

ஆறு சில்லின் காலம்

1825 செப்ரெம்பர் 27 இல் ஸ்ரொக்ரன் - டார்லிங்ரன் பாதை திறக்கப்பட்டது. சுரங்கக் கரியை ரீஸ் ஆற்றுத் துறைக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். ஸ்ரீவன்சனின் 'லோகோமோசன்' இழுத்த முதல் வண்டியில் சனங்கள் கரிப்பெட்டிகளில் நின்றுதான் போனார்கள். அதன் பின் சில ஆண்டுகளுக்கு அப்பாதையில் நீராவி இழுத்தது கரியை, பயணிகளை இழுத்தவை குதிரைகள். 1827 இல் அதே பாதையில் திமோதி ஹக்வேர்த் செய்த 'றோயல் ஜோர்ஜ்' ஆறு சில்லுகளையும் தண்டால் ஒன்றாகப் பிணைத்து ஓடியது. பிரித்தானியச் சரக்கு இயந்திரத்தின் நூறு வருட உருவம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது எனலாம்.

ஏன் பிணைக்கவேண்டும்? சில்லு தண்டவாளத்தைப் பிடிப்பது அதன்மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. பாரத்தை ஒரு சோடிச் சில்லிலேயே ஏற்றினால் பிடி கிடைக்கும், தண்டவாளம் உடையும். அதே பாரத்தை மூன்று சோடிக்குப் பிரித்து மூன்றையும் தண்டால் பிணைத்தால் மூன்றும் சேர்ந்து இழுக்கும், தண்டவாளமும் தப்பும். அடுத்தது சில்லின் அளவு. பெரிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் இழுவை குறையும். சின்னச் சில்லு மெதுவாகப் போகும், ஆனால் பாரத்தை அசைக்கும். சைக்கிளில் மேட்டுக்கு ஒரு கியர், சமதரைக்கு ஒரு கியர் என்பதைப் போல. நீராவி இயந்திரத்தில் கியர் மாற்ற முடியாது. செய்யும்போதே இது ஓடுவதற்கா இழுப்பதற்கா என்று முடிவெடுத்தாக வேண்டும். ஆகவேதான் பயணிகள் இயந்திரம் ஆறு, ஏழு அடிச் சில்லில் நிமிர்ந்து நிற்க, சரக்கு இயந்திரம் ஐந்தடியை ஒட்டிய சில்லில் பதுங்கி நின்றது.

ஆறு சில்லு இயந்திரத்தைப் பிரித்தானியா ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. குறூ தொழிற்சாலையில் ஜோன் றம்ஸ்பொற்றமின் 'டிஎக்ஸ்' வகை 1858 முதல் 1872 வரை 943 செய்யப்பட்டது. ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் பூட்டக்கூடிய விதமாக, ஒரே அச்சில். கிரேற் வெஸ்ரேர்ண் கம்பனியின் வில்லியம் டீன் செய்த 'டீன் கூட்ஸ்' 1883 முதல் 1899 வரை 260. இவை விக்ரோறியா காலத்து இயந்திரங்கள். ஆனாலும் இரண்டு உலக யுத்தங்களிலும் கடல் கடந்து பிரான்சுக்குப் போயின. 1940 இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது பல ஜேர்மனியர் கையில் சிக்கின.

நிறுத்த முடியாத வண்டி

அமெரிக்காவில் இயந்திரம் பெருத்துக்கொண்டே போன காலத்தில் பிரித்தானியா ஏன் சின்ன ஆறு சில்லோடு நின்றது? பொறியியலாளருக்குத் தெரியாமல் அல்ல. குளாஸ்கோவிலும் மன்செஸ்ரரிலும் உலகத்துக்கெல்லாம் பெரிய இயந்திரம் செய்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். விடை இயந்திரத்தில் இல்லை, பின்னால் இருந்தது.

பிரித்தானியக் கரிவண்டி என்பது நாலு சில்லுச் சின்னப் பெட்டிகள் ஐம்பது அறுபதை மூன்று வளையச் சங்கிலியால் கொழுவியது. ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு தொன். அந்தப் பெட்டிகளுக்குச் சாரதி பிடிக்கக்கூடிய பிறேக் கிடையாது. முன்னால் இயந்திரத்தில் ஒரு பிறேக், கடைசியில் கார்ட் இருக்கும் பெட்டியில் கையால் சுற்றும் பிறேக். இடையில் ஐந்நூறு அறுநூறு தொன் சங்கிலியில் ஆடிக்கொண்டு வரும். பெரிய இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, கார்ட் இறங்கி நடந்து ஒவ்வொரு பெட்டியாகக் கை பிறேக்கை அமுக்கிப் போகவேண்டும். அடிவாரத்தில் மறுபடியும் நின்று ஒவ்வொன்றாக விடுவிக்கவேண்டும். சாரதி கொஞ்சம் அவசரப்பட்டு இழுத்தால் சங்கிலி அறும். அவசரப்பட்டு நிறுத்தினால் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கடைசியில் நிற்கும் கார்ட்டைத் தூக்கி எறியும். இப்படிப்பட்ட வண்டி மணிக்கு இருபது இருபத்தைந்து மைலுக்கு மேல் ஓடுவது ஆபத்து. நிறுத்த முடியாத பாரத்தை இழுக்கக்கூடிய இயந்திரம் செய்து என்ன பயன்?

பிறேக் கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. 1889 யூன் 12 இல் வட அயர்லாந்தில் ஆர்மா என்னும் இடத்தில், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய சுற்றுலா வண்டி மேட்டில் ஏறமுடியாமல் நிற்க, பின்பாதியைக் கழற்றினார்கள். அது பின்னோக்கி உருண்டு அடுத்த வண்டியோடு மோதியது. ஏறத்தாழ எண்பது பேர் இறந்தார்கள், பலர் பிள்ளைகள். அதே ஆண்டே சட்டம் வந்தது: பெட்டி முழுவதற்கும் சாரதியின் கையால் பிடிக்கும் தொடர் பிறேக் கட்டாயம். ஆனால் பயணிகள் வண்டிக்கு மட்டும். சரக்கு வண்டியைச் சட்டம் தொடவில்லை. அமெரிக்கா 1893 இல் சரக்கு வண்டிக்கும் காற்றுப் பிறேக்கையும் தானியங்கிக் கொழுக்கியையும் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் நீண்ட தடியின் முனைக் கொக்கியால் ஓடும் பெட்டிகளுக்கு இடையில் சங்கிலி கொழுவும் தொழிலாளர் தொடர்ந்து நசுங்கினார்கள். புகையிரதத் தொழிலாளர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இறப்பதைப் பார்த்து ஓர் ஆணைக்குழு விசாரித்து 1900 இல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் கரிப்பெட்டிக்குப் பிறேக் வரவில்லை.

காரணம் சொத்து. கரிப்பெட்டிகளில் மிகப் பெரும்பகுதி புகையிரதக் கம்பனிக்குச் சொந்தமானதல்ல. சுரங்க முதலாளிக்கும் கரி வியாபாரிக்கும் சொந்தம். பெட்டியின் பக்கத்தில் தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அதையே நகரும் விளம்பரமாகவும், கரி விற்கும்வரை வாடகையில்லாத கிட்டங்கியாகவும் வைத்திருந்தார்கள். பிறேக் பூட்டினால் செலவு அவர்களுக்கு, இலாபம் புகையிரதத்துக்கு. பெட்டியைப் பெரிதாக்கினால் சுரங்கத்தின் கரி கொட்டும் இடமும், துறைமுகத்தின் கவிழ்க்கும் பொறியும், பக்கத் தண்டவாளங்களும் மாறவேண்டும். 1920களில் கிரேற் வெஸ்ரேர்ண் கம்பனி 20 தொன் பெட்டி பாவிப்பவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தருவதாகச் சொல்லிப் பார்த்தது. பெரிய மாற்றம் நடக்கவில்லை. 1948 இல் புகையிரதம் தேசியமயமானபோது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் பெட்டிகள் அரசின் கைக்கு வந்தன. அவற்றில் பெருந்தொகை பழைய, பிறேக் இல்லாத பெட்டிகளே.

இதன் விளைவை மிட்லண்ட் கம்பனியில் நன்றாகக் காணலாம். நொட்டிங்ஹாம் சுரங்கங்களில் இருந்து லண்டனுக்குக் கரி இழுத்த அந்தக் கம்பனி பெரிய இயந்திரம் செய்யாமல், ஒரு வண்டிக்கு இரண்டு சின்ன இயந்திரங்களைக் கட்டியது. இரண்டு சாரதி, இரண்டு பயர்மன், இரண்டு நெருப்பு. பின்னர் எல்எம்எஸ் கம்பனி அதை மாற்ற 1927 இலும் 1930 இலுமாக 33 'கறற்' இயந்திரங்களை மன்செஸ்ரர் பேயர் பீகொக் தொழிற்சாலையில் வாங்கியது. ஒரு பெரிய கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு தொகுதிச் சில்லுகள் கொண்ட இயந்திரம் அது. அதற்கும் பழைய மிட்லண்ட் அளவில் சின்ன அச்சுப்பெட்டிகளையே பூட்டவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அவை சூடேறிக்கொண்டே இருந்தன.

இதே தொழிற்சாலை இதே 1927 இல் இலங்கைக்கும் ஒரு கறற் செய்து அனுப்பியது. மலைநாட்டு ஏற்றத்துக்காக. எங்கள் நாட்டுக் கோச்சிப் பாதையும் சரக்குக்காகவே பிறந்தது என்பதை இங்கே நினைக்கலாம். 1864 இல் கொழும்பில் இருந்து அம்பேபுசைவரை ஓடி, 1867 இல் கண்டியை எட்டிய பாதை, மாட்டுவண்டியில் மாதக்கணக்காக இறங்கிய கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரவே போடப்பட்டது. காங்கேசன்துறைக்கு முழுப்பாதை வந்தது 1905 இல்தான். சரக்கு எங்கே இருந்ததோ அங்கே முதலில் தண்டவாளம் போனது. வைலத்தில் நடந்ததுதான் கண்டியிலும் நடந்தது.

எட்டுச் சில்லும் யுத்தமும்

மாற்றம் வராமலும் இல்லை. 1903 இல் கிரேற் வெஸ்ரேர்ணின் ஜோர்ஜ் சேர்ச்வேர்ட் பிரித்தானியாவின் முதல் 2-8-0 இயந்திரத்தைச் செய்தார். முன்னால் வழிகாட்டும் ஒரு சோடிச் சில்லு, பின் பிணைத்த நாலு சோடி. தெற்கு வேல்ஸ் கரிக்காகச் செய்தது. புகை குறைந்த வேல்ஸ் கரியைத்தான் கடற்படை விரும்பியது. முதலாம் உலக யுத்தத்தில் அந்தக் கரியை வேல்ஸில் இருந்து ஸ்கொட்லாந்தின் கிரேஞ்மவுத் துறைமுகம்வரை கொண்டுபோய், வடக்கே ஸ்கப்பா புளோவில் நின்ற போர்க்கப்பல்களுக்கு அனுப்பினார்கள். கடற்படைத் தளபதியின் பெயரால் அவ்வண்டிகளுக்கு 'ஜெலிக்கோ ஸ்பெசல்' என்று பெயர்.

கிரேற் சென்றல் கம்பனியின் ஜோன் றொபின்சன் 1911 இல் செய்த 2-8-0 இன்னும் தூரம் போனது. இம்மிங்ஹாம் துறைமுகத்துக் கரிக்காகச் செய்த இயந்திரத்தை 1917 இல் யுத்த அமைச்சு தேர்ந்தெடுத்து, படைக்காக 521 செய்வித்தது. யுத்தம் முடிந்ததும் இவை மலிவு விலைக்குப் போயின. கணிசமானவை பிரித்தானியக் கம்பனிகளுக்கு, சில சீனாவுக்கு, பதின்மூன்று அவுஸ்திரேலியச் சுரங்கக் கம்பனி ஒன்றுக்கு. அடுத்த யுத்தம் வந்தபோது இதே வகையில் 92 ஐத் திரும்பவும் பிடித்து மத்திய கிழக்குக்கு ஏற்றினார்கள்.

1935 இல் வில்லியம் ஸ்ரானியர் செய்த '8எப்' மொத்தம் 852. யுத்தகாலத்தில் போட்டிக் கம்பனிகளின் தொழிற்சாலைகளெல்லாம் இந்த ஒரே இயந்திரத்தைச் செய்ய வைக்கப்பட்டன. ஈரானில் பாரசீக வளைகுடாவில் இருந்து வடக்கே சோவியத்துக்குப் போன ஆயுதத்தையும் உணவையும் இழுத்தவற்றில் இவையும் உண்டு. துருக்கியில் 1980கள்வரை ஓடின. இரண்டு இயந்திரங்கள் போய்ச் சேரவே இல்லை. 'திசில்கோர்ம்' என்ற கப்பலின் மேற்தளத்தில் ஏற்றப்பட்டு எகிப்துக்குப் போன அவை, 1941 ஒக்ரோபர் 6 இல் ஜேர்மன் விமானக் குண்டில் கப்பலோடு செங்கடலில் மூழ்கின. இன்று உல்லாசப் பயணிகள் காற்றுக் குழாய் மாட்டிக்கொண்டு இறங்கி அவற்றைப் பார்க்கிறார்கள்.

1943 இல் ஆர்.ஏ. றிடில்ஸ் இன்னும் மலிவாக ஒன்றை வரைந்தார். உருக்கு மிச்சம்பிடித்து, அழகை எல்லாம் கழித்து, சில வருடம் தாங்கினால் போதும் என்று செய்த 'ஒஸ்ரெரிற்றி'. இரண்டே ஆண்டில் 935. யுத்தம் முடிந்தபின் அவற்றில் 733 பிரித்தானியப் புகையிரதத்தில் சேர்ந்து 1967 வரை உழைத்தன. இலக்கம் 90000 இல் தொடங்கி 90732 இல் முடிந்தது. எல்லாம் உடைக்கப்பட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆனால் 1945 இல் வல்கன் பவுண்டரியில் பிறந்த ஒன்று நெதர்லாந்துக்குப் போய், 1953 இல் அங்கிருந்து சுவீடனுக்கு விற்கப்பட்டு, அங்கே 'எப்போதாவது தேவைப்படும்' என்று காட்டில் ஒளித்து வைக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்தது. 1973 இல் யோர்க்சயர் கீத்லி பாதை ஆர்வலர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பின்னர் 2007 இல் பழுது பார்த்து ஓட்டியபோது அதற்கு 90733 என்று இலக்கம் எழுதினார்கள். அது பிரித்தானியப் புகையிரதத்தில் ஒருநாளும் வேலை செய்ததில்லை, அப்படி ஓர் இலக்கம் அதற்கு இருந்ததும் இல்லை. வரிசையில் அடுத்த எண்ணைக் கொடுத்து இதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று சேர்த்துக்கொண்டார்கள். கோப்பு இலக்கத்தோடு வருடக்கணக்காக அலைந்த நமக்கு, திரும்பி வந்த ஓர் இரும்புக்கு இவ்வளவு பரிவு கிடைத்ததைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாமல் இராது.

கடைசி இயந்திரம்

பிரித்தானியா செய்த சரக்கு இயந்திரங்களில் ஆகச் சிறந்தது கடைசியாக வந்தது. றிடில்ஸின் '9எப்', 1954 முதல் 1960 வரை 251. பத்துச் சில்லுகள் பிணைத்தது, ஐந்தடிச் சில்லு, 39,667 இறாத்தல் இழுவை. வளைவில் இறுகாதிருக்க நடுச் சோடிச் சில்லுக்கு விளிம்பே வைக்கவில்லை. ரைன் துறையில் இருந்து கொன்செற் உருக்காலைக்கு 56 தொன் தாதுப் பெட்டிகளை அவை மேட்டில் இழுத்தன. இயந்திரத்துக்கு ஏற்ற பெட்டி ஒருவாறு வந்துசேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் 1955 இன் நவீனமயத் திட்டம் நீராவியைக் கைவிடுவது என்று தீர்மானித்தது. சரக்குப் பெட்டிகளுக்கெல்லாம் தொடர் பிறேக் பூட்டுவது என்று சொன்னதும் அதே திட்டம்தான். நூற்றிருபத்தைந்து வருடமாகச் சரக்கு இயந்திரம் காத்திருந்த பிறேக்கும், அதன் மரண ஓலையும் ஒரே கடதாசியில் வந்தன. கடைசி இயந்திரம் 'ஈவினிங் ஸ்ரார்' 1960 மார்ச்சில் சுவிண்டனில் முடிந்தது. 1965 இல் ஓய்வு. நாற்பது வருடம் ஓடக்கூடியது ஐந்து வருடம் ஓடியது. 1968 ஓகஸ்ற் 11 இல் பிரித்தானியப் பிரதான பாதைகளில் நீராவியின் கதை முடிந்தது.

உடைப்பதற்காக விற்கப்பட்டவற்றில் கொஞ்சம் தப்பியதும் பெட்டியால்தான். வேல்ஸின் பரி துறையில் பழைய இரும்பு வாங்கி உடைத்த டாய் வூட்ஹாம் கைக்கு, அதே காலத்தில் பழைய கரிப்பெட்டிகளும் மலையாக வந்து குவிந்தன. பெட்டி உடைப்பது சுலபம். ஆகவே ஆட்கள் முதலில் பெட்டிகளை வெட்டினார்கள், இயந்திரங்கள் கடற்காற்றில் துருவேறிக் காத்துக்கொண்டு நின்றன. அந்த முற்றத்தில் இருந்து 213 இயந்திரங்கள் ஆர்வலர்களால் மீட்கப்பட்டன. சேர்ச்வேர்ட்டின் 2-8-0, 8எப், 9எப் எல்லாம் அதில் உண்டு. நூறு வருடம் தங்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்த பெட்டிகள் முதலில் வெட்டுப்பட்டதனால் அவை தப்பின.

2015 டிசெம்பரில் கெலிங்லி மூடப்பட்டதோடு பிரித்தானியாவின் ஆழச் சுரங்கங்கள் முடிந்தன. 2024 செப்ரெம்பர் 30 இல் நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் றட்கிளிப் மின்னிலையம் நின்றதோடு கரியால் மின்சாரம் எடுப்பதும் முடிந்தது. பபிங் பில்லி தொடங்கிய வேலை இருநூறு வருடத்தில் தீர்ந்துவிட்டது.

இந்த வரலாற்றில் ஒன்றை மாத்திரம் நாம் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். பின்தங்கிய இயந்திரத்தைக் கண்டால் செய்தவனுக்கு அறிவில்லை என்று சொல்வது சுலபம். பின்னால் என்ன கொழுவியிருக்கிறது, அது யாருடைய சொத்து, அதற்குப் பிறேக் பூட்டாமல் இருப்பதால் யாருக்கு இலாபம், கடைசிப் பெட்டியில் விளக்கோடு நிற்பவன் யார் என்றும் பார்க்கவேண்டும். மனிதர்களுக்கும் சமூகங்களுக்கும் இது பொருந்தும்.